பத்தொன்பதாம் நிமிடக் கூம்பு

ஊசி இறங்கி ஏறியது. பொட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரையில் நேரம் பூஜ்யத்திலிருந்து நகரத் தொடங்கியது. இனி பத்தொன்பது நிமிடம் என்று தமயந்தி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டால் குறையப்போகிறதா என்ன. கோயம்புத்தூரில் வெளியே எப்படி வெயில் அடித்தாலும் இந்த அறைக்குள் மட்டும் எந்நாளும் மார்கழிதான். கருவிக்குச் சூடு ஆகாதென்று ஏசியைப் பதினெட்டில் வைத்திருப்பார்கள், மனிதர்களுக்கு ஆகுமா ஆகாதா என்று யாரும் கேட்பதில்லை, அந்தக் குளிரிலும் அவளுக்குக் கழுத்தடியில் வியர்த்திருந்தது. எண்ணெயை ஆவியாக்கி, தலைமுடி கனத்துக்கு இருக்கும் நீளக் குழாய்க்குள் ஓடவிட்டு, எந்தக் கொழுப்பு அமிலம் எந்த நிமிடத்தில் மறுமுனைக்கு வந்து சேருகிறது என்று கோடு போட்டுக் காட்டும் கருவி அது. ஒவ்வொன்றும் வந்து சேரும்போது கோடு ஒரு கூம்பாக எழும்பி இறங்கும். ஒலிக் அமிலம் பதினான்காவது நிமிடம், லினோலிக் பதினைந்தரை, விளக்கெண்ணெய்க்கே உரிய ரிசினோலிக் பத்தொன்பது. ஆனால் இப்போது உள்ளே போயிருப்பதில் எண்ணெயே கிடையாது, வெறும் கரைப்பான், பிளாங்க் என்பார்கள், ஒன்றுமில்லாததை ஓட்டி ஒன்றுமில்லை என்று காட்டும் சடங்கு. பத்தொன்பதாவது நிமிடத்தில் கோடு படுத்தே கிடந்தால் அவளுடைய மூன்று வருஷம் நிஜம். எழுந்தால், இதுவரை அங்கே எழுந்த கூம்பு அவள் வளர்த்த ஈஸ்டிலிருந்து வந்ததில்லை, வேறு எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்தது. வேறு எங்கிருந்தோ என்ன வேறு எங்கிருந்தோ, எங்கிருந்து என்று அவளுக்குத் தெரியும், நேற்று மத்தியானத்திலிருந்து தெரியும். தெரியும் என்று சொல்ல முடியாது, சந்தேகம். சந்தேகம் என்றும் சொல்ல முடியாது, அதற்கும் மேலே ஒரு படி.

இரண்டாவது நிமிடத்தில் கோடு சரேலென்று திரையின் உச்சிக்குப் போனது, அவளுக்கு நெஞ்சு பகீரென்றது. அது கரைப்பானின் கூம்பு, எப்போதும் வருவது, ஆயிரம் தடவை பார்த்தது, அதற்குப் போய் இப்படிப் பதறினால் மிச்சப் பதினேழு நிமிடத்தை எப்படித் தள்ளுவாள்? பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிவைத்தவர்கள் பிளாங்க் ஓட்டிப் பார்த்தவர்கள் இல்லை. கோடு இறங்கித் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. அவள் வேர்க்கடலையைப் பற்றி நினைத்துக்கொண்டாள், அதை நினைத்தால் எப்போதும் கொஞ்சம் அடங்கும். வேர்க்கடலைக்குள் ஒரு நொதி இருக்கிறது, முந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த மாலை. அது ஒலிக் அமிலத்தைப் பிடித்து, பன்னிரண்டாவது கார்பனுக்குப் பக்கத்தில் இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிட்டு லினோலிக் அமிலமாக்கி அனுப்பும். ஆமணக்கிலும் கிட்டத்தட்ட அதே மாலைதான், அக்கா தங்கை என்றே சொல்லலாம், அதே இடத்தில் அதே கார்பனைத்தான் பிடிக்கும், ஆனால் பிடுங்குவதற்குப் பதிலாக ஓர் ஆக்சிஜனைச் செருகிவிடும். அந்த ஒரு செருகலில்தான் எண்ணெய் குழகுழவென்று விளக்கெண்ணெய் ஆகிறது. பலகாரம் சுடுகிற எண்ணெய்க்கும் வயிற்றைக் கலக்குகிற எண்ணெய்க்கும் நடுவில் இருப்பது நாலைந்து மணிகள். நாலைந்தையும் மாற்றினால்தான் தங்கை அக்காவாவாள் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்க, தமயந்தி ஒன்றே ஒன்றை மாற்றினாள். மெத்தியோனைன் என்ற மணியை எடுத்துவிட்டு வேலின் என்ற மணியை வைத்தாள். அந்த மரபணுவை ஈஸ்டுக்குள் ஏற்றி, ஈஸ்டை வளர்த்து, அதன் கொழுப்பைப் பிரித்து இதே கருவியில் ஓட்டியபோது பத்தொன்பதாவது நிமிடத்தில் கூம்பு எழுந்து நின்றது. சின்னதுகூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரியும்படி நின்றது. அன்றைக்கு அவள் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. எந்தக் கையால்? இந்தக் கையால்.

மயில்சாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷமாக இந்தக் கருவியோடு குடித்தனம் நடத்துகிறவர், அது இருமினாலும் தும்மினாலும் என்ன வியாதி என்று அவருக்குத் தெரியும். நேற்று மத்தியானம் அவர்தான் அதைச் சொன்னார், சும்மா சொன்னார், பாவம். அவள் ஒரு சீசாவை அவர் கையில் கொடுத்தபோது மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஏனுங் மேடம், சீசாவுல விளக்கெண்ணெய் வாசம் தூக்குதுங்களே, ஆமணக்கு ஆராய்ச்சியே பண்றீங்களா, இல்ல ஆட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் விரலை முகர்ந்தாள். அதற்கப்புறம் ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. தூக்கமும் இல்லை. கண்சூடு என்று அம்மா ஆத்தூரிலிருந்து அனுப்புகிற விளக்கெண்ணெய், தினமும் காலையில் கிளம்பும்முன் உச்சியில் ஒரு சொட்டு, இமை மேலே ஒரு சொட்டு, புருவத்தில் மிச்சத்தை இழுத்துவிடுவது. கணினித் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது என்று எப்போதோ வாய்தவறிச் சொல்லப்போக அம்மா பிடித்துக்கொண்டாள், இப்போது கைப்பையிலும் ஒரு சின்ன சீசா கிடக்கிறது, மத்தியானத்துக்கு. எண்ணெய்க்கு வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை, அன்றைக்குச் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்துவிடுவாள், மறுநாள் காலை வரை எண்ணெய் கிடையாது. யோசிக்கும்போது புருவத்தை நீவுவது அவள் வழக்கம், சின்ன வயசிலிருந்து. சீசா மூடியைத் திருகும்போது கையுறை வழுக்குகிறது என்று வலது கையுறையைக் கழற்றிவிடுவதும் அவள் வழக்கம். இரண்டு வழக்கமும் தனித்தனியே சாது. இரண்டும் ஒரே கையில் சேர்ந்தால்? எண்ணெயைத் தடவிக்கொண்டு மண்ணில் புரண்டாலும் ஒட்டுவதுதான் ஒட்டும் என்பார்கள். ஒட்டத்தான் செய்திருக்கிறது, மண் இல்லை, எண்ணெயே ஒட்டியிருக்கிறது.

அப்படியானால் மாற்றம் செய்யாத ஈஸ்டிலும் அந்தக் கூம்பு வந்திருக்க வேண்டுமே, வரவில்லையே, என்று ஒரு குரல் வக்கீல் மாதிரி எழுந்து வாதாடியது. ஐந்தாவது நிமிடத்திலிருந்து அவள் அந்த வக்கீலைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். மாற்றம் செய்யாதது, ஒப்பிடுவதற்காக வைத்தது, அதில் கோடு படுத்துத்தானே கிடந்தது? கிடந்தது. ஆனால் அந்தச் சீசாக்களை நிரப்பி மூடியது யார்? மயில்சாமி அண்ணன். தினசரி வேலை அது, யார் செய்தால் என்ன என்று அவரிடம் கொடுத்துவிட்டு, தன் அருமைப் பிள்ளையை மட்டும் தன் கையாலேயே செய்தாள், பிறத்தியாரைத் தொடவிடவில்லை. பாசம். பாசத்தால் கெட்ட காரியம் உலகத்தில் ஒன்றா இரண்டா. ஒற்றை மணியை மாற்றினால் மாலை முழுவதும் வேறு வேலை செய்யத் தொடங்கிவிடும் என்று மூன்று வருஷமாகக் கருத்தரங்கு கருத்தரங்காகப் போய்ப் பேசியவள், தன் சோதனைக்குள் மாறிப்போன ஒற்றைப் பொருள் தான்தான் என்று பார்க்கவில்லை. இதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் முட்டியது, புருவத்துக்குப் போன கையைப் பாதி வழியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டாள். இல்லை, இன்னும் தெரியாது. உண்மையிலேயே நொதி மாறியிருக்கலாம். ஏன் மாறக் கூடாது? அந்த மெத்தியோனைன் இருக்கும் இடம், நொதியின் நடுவில் வேலையைச் செய்கிற இரும்பு அணுக்களுக்கு அத்தனை பக்கம். பருமனான ஒன்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் ஒடுங்கியதை வைத்தால் கொழுப்பு அமிலம் ஒரு மயிரிழை தள்ளி உட்காரும், ஒரு மயிரிழை போதும், பிடுங்குகிற கை செருகுகிற கையாகிவிடும். அழகான விளக்கம். அழகாக இருப்பதாலேயே அவளுக்கு இப்போது பயமாக இருந்தது.

கைப்பேசி மடியில் துடித்தது. அம்மா. எடுக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள். "என்ன கண்ணு, சாப்புட்டியா?" "மணி பதினொண்ணும்மா." "பதினொண்ணுன்னா என்ன, காலையில சாப்புட்டியான்னு கேக்குறேன்." "சாப்ட்டேன்." "தலைக்கு ஊத்திக்கிட்டியா? சாம்பிராணி போட்டியா, இல்ல ஈரத்தோடவே முடிஞ்சுக்கிட்டு ஓடுனியா?" "அம்மா, வேலையில இருக்கேன்." "உன் வேலைய யாரு புடுங்குனா. எண்ணெ தீந்திருக்குமே, பக்கத்து வீட்டுப் பொண்ணு ஞாயித்துக்கெழமை அங்க வருது, குடுத்தனுப்புறேன். திங்கக்கெழமை இன்டர்வியூக்குப் போறப்ப உச்சியில வெச்சுக்கிட்டுப் போ சாமி, மண்டை குளுந்து இருந்தாத்தான் கேட்டதுக்குப் பதில் வரும்." சரிம்மா, சரிம்மா, வைக்கிறேன் என்று துண்டித்தாள். திங்கட்கிழமை நேர்முகம். நிரந்தர வேலை. போன முறை ஆறு பேரில் நாலாவதாக நின்றாள், உங்கள் பெயரில் ஒரு பெரிய கட்டுரையும் இல்லையே என்று ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். இந்த முறை இருக்கிறது. இன்றைக்கு ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டால், அனுப்பியாயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். பேராசிரியர் ஜெபராஜ் ஜூனில் ஓய்வு பெறுகிறார், பன்னிரண்டு வருஷமாக இந்த நொதியைக் கட்டிக்கொண்டு அழுகிறார், நாலு மாணவர்கள் இதில் முட்டி மோதிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அஞ்சாவதாக வந்தவள் அவள். முதல் கூம்பைக் காட்டிய அன்று அவர் ஜன்னலண்டை போய் நின்றுவிட்டார், முதுகு மட்டும் தெரிந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிற கைக்கு என்ன பேர் வைப்பார்கள்?

ஒன்பதாவது நிமிடம். நோட்டு மடியில் இருந்தது, அதை அவள் திறக்க விரும்பவில்லை, விரும்பவில்லை என்பதாலேயே திறந்தாள். நாலு முறை செய்த சோதனை. முதல் முறை கூம்பு. இரண்டாம் முறை ஒன்றுமில்லை, வழித்துத் துடைத்த மாதிரி. மூன்றாம் முறை கூம்பு. நாலாம் முறை கூம்பு. இரண்டாவதன் மேல் குறுக்குக் கோடு அடித்து, பிரித்தெடுத்தது சரியில்லை என்று அவளே எழுதியிருந்தாள், பேராசிரியர் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருந்தார். கட்டுரையில் மூன்று முறையும் கிடைத்தது என்றுதான் எழுதியிருக்கிறது. எழுதிய அன்று அது பொய்யில்லை, சத்தியமாகப் பொய்யில்லை, ஈஸ்டுக் கொழுப்பு சில நாள் சரியாகப் பிரியாமல் போவது எல்லோருக்கும் நடப்பதுதான். அவள் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். மேலே தேதி இருந்த இடத்தில் மை கலைந்து நீலத் தேமலாகப் படர்ந்திருந்தது. எண்களை வாசிக்க முடியவில்லை. என்ன கிழமை என்று வாசிக்கத் தேவையும் இல்லை. குனிந்து எழுதும்போது முடி நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் அது. ஈரத்தோடு முடிந்துகொண்டு ஓடிவந்த நாள். வெள்ளிக்கிழமை. சீயக்காய் போட்டுக் குளித்த, உச்சியிலும் இமையிலும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாத வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் ஈஸ்டு ஒன்றும் தரவில்லை. மற்ற மூன்று நாளும் திங்கள், புதன், வியாழன். நோட்டை மூடினாள். திரும்பத் திறந்து அந்தத் தேமலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள், தேய்த்தால் போய்விடும் என்பது போல. தற்செயலாக இருக்கலாம் என்றார் வக்கீல். ஏற்கெனவே குரல் கம்மிவிட்டது அவருக்கு.

இன்றைக்கு என்ன கிழமை? இந்தக் கேள்வி இவ்வளவு நேரம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது, இப்போது உள்ளே வந்து உட்கார்ந்தது. பிளாங்க் ஒன்று ஓட்டிவிடும்மா, பத்திரிகைக்காரன் கேட்பான் என்று பேராசிரியர் சொன்னது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை கருவி வேறு யாருக்கோ போனது, சரி. நேற்று? மயில்சாமி அண்ணன் விளக்கெண்ணெய் என்று சொன்னது மத்தியானம் ஒன்றரை மணி, அதற்கப்புறம் கருவி சும்மாதான் கிடந்தது, "இப்பவே ஓட்டிறலாமுங்களா?" என்றுகூட அவர் கேட்டார். நாளைக்கு ஓட்டலாம் என்று இவள்தான் சொன்னாள். ஏன் சொன்னாள்? தலைவலி. தலைவலியா? காலையில் சீயக்காயை இரண்டு முறை போட்டுத் தேய்த்தாள், அதுவும் தலைவலியா? ஆய்வகத்துக்கு வந்ததும் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவி, இரண்டு கையிலும் கையுறை மாட்டி, மூடி வழுக்க வழுக்கக் கையுறையோடு திருகி, புருவத்தின் பக்கமே போகாமல், பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி அந்தச் சீசாவைத் தூக்கிக்கொண்டு வந்தாளே, அது யார்? கையுறை போடுவது நல்ல பழக்கம்தானே என்று தனக்கே பதில் சொல்லிக்கொண்டாள். நல்ல பழக்கம், மூன்று வருஷம் கழித்துச் சரியாக இன்றைக்கு வந்திருக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டாமென்றும் செய்யவில்லை. திட்டம் போட்டுத் திருடுகிறவனுக்காவது தான் திருடன் என்று தெரியும். எழுந்து நடந்தாள், நாலடிதான் நடக்க முடியும் அந்த அறையில், திரும்ப வந்து உட்கார்ந்தாள். "உக்காருங் மேடம், நீங்க நடந்தா அதொண்ணும் வெரசா ஓடிறாதுங்," என்றார் மயில்சாமி, தாளிலிருந்து தலையைத் தூக்காமலேயே.

பதினான்கு. ஒலிக் அமிலத்தின் இடம். கோடு அசையவில்லை. பதினைந்தரை. அசையவில்லை. கதவைத் திறந்துகொண்டு பேராசிரியர் ஜெபராஜ் வந்தார், ஒரு கையில் மடிக்கணினி, இன்னொரு கையில் இனிப்புப் பெட்டி. நாசரேத்துக்காரர், நாற்பது வருஷம் கோயம்புத்தூரில் இருந்தும் அந்தப் பேச்சை விடாதவர். "என்னம்மா, எந்த மட்டுல இருக்கு?" என்றார். "பதினாறு சார்." "முகம் ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு? பிளாங்குக்குப் போயி யாராவது பயப்படுவாவளா? கட்டுரைய ராத்திரி கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் படிச்சிட்டேன், ஒரு புள்ளி தப்பில்ல கேட்டியா. இது முடிஞ்சதும் இங்கனயே வச்சு அனுப்பிருவோம்." அவர் சொன்ன வார்த்தை காதில் விழுந்ததும் தமயந்தி பக்கவாட்டில் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கவனிக்கவில்லை, மடிக்கணினியைத் திறந்து, அனுப்பு என்ற நீலக் கட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பெட்டி மேல் கட்டியிருந்த நூலை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்தார். இந்த மனிதரை அவள் எவ்வளவு நேசிக்கிறாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது, அப்பா மாதிரி என்றெல்லாம் இல்லை, அப்பாவை அவள் இவ்வளவு நேசித்ததில்லை. பதினெட்டு. எழட்டும் என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. எழுந்துவிட்டால் அவள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, கருவியே சொல்லிவிடும், அவள் பாட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நிற்கலாம். எழு, எழு, எழுந்து தொலை. பத்தொன்பது. மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். கோடு போய்க்கொண்டிருந்தது, மேஜை மேல் வைத்த ஸ்கேல் மாதிரி, ஒரு நடுக்கமும் இல்லாமல். பத்தொன்பதரை. இருபது.

"ஒண்ணுமே இல்லீங்க மேடம், சுத்தமுங்," என்று மயில்சாமி செய்தித்தாளை மடித்தார். "கர்த்தருக்குச் சோத்திரம்," என்றார் பேராசிரியர், சத்தமாகக்கூட இல்லை. பெட்டி திறந்துகொண்டது, நெய் வாசனை குளிரில் மெல்லப் பரவியது. மைசூர்பாகு ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். "எடும்மா. மொதல்ல நீ." அவள் கை நீளவில்லை. இதை வாங்கித் தின்றுவிடலாம். தின்றுவிட்டால் நீலக் கட்டம், நீலக் கட்டத்துக்கு அப்புறம் திங்கட்கிழமை, ஜூனில் அவருக்கு மாலை. யாருக்கும் தெரியப்போவதில்லை, வேறொரு நாட்டில் வேறொருத்தி, விளக்கெண்ணெய் என்றால் என்னவென்றே தெரியாதவள், இதே மணியை மாற்றி இதே ஈஸ்டை வளர்த்து ஒரு வருஷம் ஓட்டி ஓட்டிப் பார்த்து, கூம்பு வராமல், தன் கை சரியில்லை என்று தன்னையே நொந்துகொள்வாள். அந்த ஒருத்தியின் முகம் தமயந்திக்குத் தெரியவில்லை. ஆனால் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுகிறது தெரிந்தது.

"சார்," என்றாள். "நான் இன்னைக்குத் தலைக்குக் குளிச்சிட்டு வந்திருக்கேன்."

"நல்லதும்மா, வெள்ளிக்கெழமைதானே," என்றார் அவர், கை நீட்டியபடியே.

அவள் நோட்டைத் திறந்து அந்த மை கலைந்த பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். கைப்பையைத் திறந்து அம்மா கொடுத்த சின்ன சீசாவை எடுத்து, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, உச்சியில் வைத்து அழுத்தினாள், இமையில் தொட்டாள், புருவத்தில் இழுத்தாள். அறைக்குள் நெய் வாசனைக்கு நடுவே இன்னொரு வாசனை வந்தது. மயில்சாமி மூக்கை உயர்த்தினார், வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார், நேற்று தான் சொன்னது அவருக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது. பேராசிரியர் பக்கத்தைப் பார்த்தார், அவள் நெற்றியைப் பார்த்தார், குறுக்குக் கோட்டின் பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் பார்த்தார். மைசூர்பாகை அது இருந்த குழியிலேயே திரும்ப வைத்தார், உடையாமல், ரொம்பக் கவனமாக. மடிக்கணினி மூடியை அவர் மூடவும் இல்லை, தொடவும் இல்லை. தமயந்தி புதுச் சீசா ஒன்றில் கரைப்பானை ஊற்றி, மூடியை எடுத்து, வெறும் விரலால், மூன்று வருஷமாகத் திருகுகிற மாதிரியே திருகினாள். மூடி வழுக்காமல் உட்கார்ந்தது. சீசாவை மயில்சாமியிடம் கொடுத்தாள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பேர் தட்டினால்தான் கருவி ஓடும். அவர் விசைப்பலகையின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"பேரு என்னன்னு போடட்டுமுங் மேடம்?"

"என் பேரைப் போடுங்கண்ணா."

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஊசி இறங்கியது.